பட்டைகள் மேல் தவறில்லை

காலையில் முதலில் காப்பி போடுவேன். நீளப்பிடி வைத்த செம்புக் கிண்ணியில் தண்ணீர், தூள், சர்க்கரை எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு, பொங்கி வரும்போது இறக்கி, மறுபடி வைத்து, மறுபடி இறக்குவேன். கடைசியில் ஆரஞ்சுப் பூத் தண்ணீர் ஒரு சொட்டு. எனக்கு அந்த வாசனை பிடிக்காது. ஜலீலாவுக்காகச் சேர்த்துப் பழகியது. இப்போதும் கை தானாகச் சேர்க்கிறது. குடித்துவிட்டுக் கிண்ணியைக் கழுவிக் கவிழ்ப்பேன். சட்டையை மாட்டிக்கொண்டு வேலை நடக்கும் வீட்டுக்கு நடப்பேன். வழியில் லப்லாபிக் கடை வாசலில் ஆட்கள் கொண்டைக்கடலைச் சாற்றில் ரொட்டியைப் பிய்த்துப் போட்டுக்கொண்டிருப்பார்கள். கையை உயர்த்துவார்கள். நானும் உயர்த்துவேன். வீட்டுக்குள் போனதும் வேறு எதையும் பார்க்கமாட்டேன். நேராகப் போய்ப் பட்டைகளைப் பார்ப்பேன்.

இந்த வழக்கை நீங்கள் மூடிவிட்டீர்கள். யாரும் என்னைக் கூப்பிடவில்லை. நானாகத்தான் வந்து, முன்பு சொன்னதில் இரண்டு இடங்கள் பிழை என்றேன். நீங்கள் தாளும் பேனாவும் தந்து, அவசரமில்லை, ஒரு வழக்கமான காலையிலிருந்து எழுதுங்கள் என்றீர்கள். அதனால் காப்பியிலிருந்து தொடங்கினேன்.

என் பெயர் ஸுஹைர். ஆர்க்கிடெக்ட். துனிஸ் நகரின் பழைய பகுதியான மதீனாவுக்குள் பழைய வீடுகளைப் பழுதுபார்த்துப் பாதுகாக்கும் சின்ன அலுவலகம் ஒன்றை நானும் என் மனைவி ஜலீலாவும் நடத்தினோம். நான் அளப்பேன், வரைவேன், எதைத் தொடலாம் எதைத் தொடக்கூடாது என்று முடிவுசெய்வேன். அவள் ஜிப்சம் செதுக்குவாள். சுவரில் பூசி, ஈரம் காய்வதற்குள் இரும்புக் கத்தியால் நட்சத்திரத்தையும் பூஜாடியையும் இலையையும் வெட்டியெடுக்கும் வேலை. காய்ந்துவிட்டால் கத்தி நினைத்தபடி போகாது. அதனால் அவள் கை வேகமாக இருக்கும். பேச்சும் அப்படித்தான்.

பட்டை என்பது பெரிய விஷயம் இல்லை. விரிசல் விட்ட சுவரில், விரிசலுக்குக் குறுக்கே, உள்ளங்கை நீளத்துக்கு ஜிப்சம் வைப்பது. வைப்பதற்கு முன் இரண்டு பக்கமும் சுண்ணாம்புப் பூச்சைக் கல் தெரியும்வரை சுரண்டவேண்டும். பட்டை கல்லைப் பிடித்தால்தான் வேலை செய்யும். பூச்சைப் பிடித்தால் வெறும் அலங்காரம். வைத்த தேதியை ஈரத்திலேயே கீறிவிடவேண்டும். ஜிப்சத்துக்கு இழுபட்டுக் கொடுக்கத் தெரியாது. சுவர் மயிரிழை நகர்ந்தாலும் உடைந்துவிடும். உடையாமல் இருந்தால் விரிசல் பழையது, சுவர் அமைதியாக இருக்கிறது என்று அர்த்தம்.

எங்கள் அலுவலகத்தில் ஒரு விதி உண்டு. பட்டையை வைப்பவர் அதைப் படிக்கக்கூடாது. தன் கைவேலை உடைந்திருப்பதை ஒப்புக்கொள்ள யாருக்கும் மனம் வராது என்பதால் நான் ஏற்படுத்திய விதி. ஜலீலா வைப்பாள், நான் படிப்பேன். நான் பார்த்து முடிக்கும்வரை யாரும் மாடிப்படி ஏறக்கூடாது. ஆட்கள் எல்லாருக்குமாக மேஸ்திரி ஷாத்லி முற்றத்தில் நின்று கேட்பார், "மேலே போகலாமா தம்பி?" நான் "ஏறுங்க" என்பேன். தினமும் இதுதான் நடக்கும்.

ஜலீலா மட்டும் கேட்கமாட்டாள். வாளியை எடுத்துக்கொண்டு நேராக ஏறிவிடுவாள்.

"ஏம்மா, நாங்கல்லாம் ஆளா தெரியலையா உனக்கு? ஒரு வார்த்த கேட்டுட்டு ஏறினா வாய் தேஞ்சிடுமா?" என்பார் ஷாத்லி.

"நான் எதுக்கு சாச்சா கேக்கணும்? இவன்கூடவேதான் தூங்கி எந்திரிக்கிறேன். சுவர் கெட்டுப்போச்சுன்னா இவன் மூஞ்சியிலேயே தெரிஞ்சிடும்."

சுவர் உண்மையிலேயே கெட்டபோது தெரியவில்லை. அது எனக்கே கொஞ்சம் ஆச்சரியமாக இருந்தது.

அப்போது நாங்கள் வேலை செய்த ஃபத்தாஷ் வீட்டைப் பற்றிச் சொல்லவேண்டும். முற்றத்தின் நான்கு பக்கமும் கட்டுகள். வடக்குக் கட்டின் மாடியில் ஒரு அறை. அந்த அறையின் கூரை செதுக்கிய ஜிப்சத்தால் ஆன கவிமாடம். பாதி உதிர்ந்துபோயிருந்ததை ஜலீலா இலை இலையாக நிரப்பிக்கொண்டு வந்தாள். அறையைத் தாங்குவது வடக்குச் சுவர். மாடிப்படி அந்தச் சுவரை ஒட்டியே ஏறும். உள்ளே ஒரு அடுக்கு, வெளியே ஒரு அடுக்குக் கல். நடுவில் மண்ணும் உடைகல்லும். இரண்டு அடுக்கும் ஒன்றைவிட்டு ஒன்று விலக ஆரம்பித்திருந்தன. பழைய சுவர்களுக்கு இது வழக்கம். சில சுவர்கள் அப்படி விலகி, அப்படியே நின்றுவிடும்.

நகராட்சி இன்ஜினியர் ஹம்மாதி வந்து பார்த்தார். சுவரை உள்ளங்கையால் தட்டினார், மாட்டை வாங்க வந்தவர்போல.

"ரெண்டு இரும்புக் கம்பி போடு ஸுஹைர். இந்தப் பக்கத்திலேர்ந்து அந்தப் பக்கத்துக்கு இழுத்து இறுக்கிடு. நிம்மதியா தூங்கலாம்."

இரும்பு துருப்பிடித்தால் உப்பும், உப்பினால் கல்லைப் பிளக்கும் என்றேன். கம்பி கவிமாடத்தின் அடிவிளிம்பைத் துளைத்துக்கொண்டு போகவேண்டியிருக்கும் என்றேன். வீட்டில் இல்லாத பொருளை வீட்டுக்குள் எவ்வளவு குறைவாகக் கொண்டுவருகிறோமோ அவ்வளவு நல்லது என்றேன். நான் படித்ததும் அதுதான், எழுதியதும் அதுதான்.

"இது வீடுப்பா. உன் காலேஜ் கட்டுரை இல்ல," என்றார் ஹம்மாதி.

ஜலீலா தேநீர்த் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள். "துளைக்கட்டும் ஸுஹைர். போனது போகட்டும், நான் திரும்பச் செதுக்கிக்கறேன்," என்றாள்.

"கேட்டியா? செஞ்ச கைக்காரியே சொல்றா. உனக்கு எங்க வலிக்குது?"

அவள் பெரியவருக்கு மரியாதைக்காக அப்படிச் சொன்னாள் என்று எடுத்துக்கொண்டேன். நான் கம்பியை மறுத்தது அவளுடைய கவிமாடத்துக்காகத்தான். இதை நீங்கள் குறித்துக்கொள்ளலாம். அந்த வருடம் ஃபத்தாஷ் வீடு ஒரு பரிசுக்குப் பரிசீலனையில் இருந்தது. மிகக் குறைவாகத் தொட்டுப் பாதுகாத்த வீடு என்று பரிந்துரையில் எழுதியிருந்தார்கள். என் பெயரும் அதில் இருந்தது. ஆனால் காரணம் அது இல்லை.

கடைசியில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். பட்டைகள் வைப்போம். ஒன்றே ஒன்று உடைந்தாலும் மறுவாரமே கம்பி போட்டுவிடுகிறேன் என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். ஜலீலா படியோரமாகக் கல் தெரியச் சுரண்டி, கீழிருந்து மேலாகப் பட்டைகள் வைத்தாள். தேதி கீறினாள். அக்டோபர் பதினேழு. ஏழின் நடுவில் ஒரு சின்னக் குறுக்குக்கோடு இழுப்பது அவள் பழக்கம்.

குளிர்கால மழை முடிந்தபின் ஒரு காலை, படியின் வாயிலில் முகத்துக்கு நேரே இருந்த பட்டையில் ஒரு கோடு தெரிந்தது. கண்ணுக்குச் சரியாகப் படவில்லை. நகத்தால் தடவினால் தட்டுப்பட்டது. முற்றத்தில் ஷாத்லி கேட்டார். "ஏறுங்க" என்றேன்.

அன்று வெள்ளிக்கிழமை. மதியம் ஆட்கள் தொழுகைக்குப் போனார்கள். ஜலீலா அவள் அம்மா வீட்டுக்கு கூஸ்கூஸ் சாப்பிடப் போனாள். எனக்கு வேலை இருக்கிறது, பிறகு வருகிறேன் என்றேன். அவளுடைய வாளியில் மிச்சமிருந்த ஜிப்சத்தைக் குழைத்தேன். உடைந்த பட்டையைப் பெயர்த்துவிட்டு அதே இடத்தில் புதியது வைத்தேன். பழைய தேதியையே கீறினேன். ஏழில் குறுக்குக்கோடு போட மறந்துவிட்டேன். பிய்த்துவிட்டு மறுபடி வைத்தேன்.

புது ஜிப்சம் வெள்ளையாக இருக்கும். தண்ணீருக்குப் பதில் ஆறிய தேநீரில் குழைத்தால் நிறம் இறங்கும் என்று பிறகு தெரிந்தது. ஜன்னல் விளிம்புத் தூசியைத் துணியில் எடுத்து மேலே ஒற்றினால் மாதக்கணக்கில் இருந்ததுபோல் ஆகிவிடும். மூன்றாவது, நான்காவது முறைக்குள் அவள் எழுத்து எனக்கு வந்துவிட்டது. அவளிடமிருந்து நான் கற்றுக்கொண்ட ஒரே கைவேலை அது. நன்றாகவே செய்தேன்.

ஷாத்லி தொழுகையிலிருந்து திரும்பி வந்தவர் என்னைப் படியோரம் பார்த்தார். "ஜும்ஆவுக்கு வராம சுவருக்கா தம்பி காவல் இருக்கீங்க? பரவால்ல, துஆவில உங்க பேரையும் சேத்துக்கிட்டேன். சுவர் பேரச் சேக்கல, அதுக்கு நீங்க இருக்கீங்க."

ஆட்கள் சிரித்தார்கள். நான் கையைத் துடைத்துக்கொண்டேன்.

அன்று சாப்பிடும்போது ஜலீலா என் விரலைப் பிடித்துப் பார்த்தாள். "நகத்துல ஜிப்சம். என் பொழப்பையும் பிடுங்கிக்கலாம்னு பாக்குறியா?"

ஒரு பட்டையைச் சரிபார்த்தேன் என்றேன்.

"சரிபாத்து சரிபாத்து அதைக் கிழவியாக்கிடுவ. ஒண்ணு செய், என் நெத்தியில ஒண்ணு ஒட்டித் தேதி போட்டு வை. நான் உடையறேனான்னு தினம் காலைல பாரு. அப்பவாவது என் மூஞ்சியப் பாப்ப."

சிரித்தாள். நானும் சிரித்திருப்பேன்.

புதுப்பட்டையின் ஈரத்தை மட்டும் என்னால் மறைக்க முடியவில்லை. ஜிப்சம் இறுகக் கொஞ்ச நேரம் போதும். உள்ளே உலர நாட்கள் ஆகும். அதுவரை தொட்டால் ஜில்லென்று இருக்கும். செதுக்குகிறவர்களுக்கு அந்தக் குளிர்ச்சி கையில் தெரியாது, கை எந்நேரமும் ஜிப்சத்திலேயே இருந்து மரத்துப்போயிருக்கும். அதனால் கன்னத்தை வைத்துப் பார்ப்பார்கள். கவிமாடத்தில் ஜலீலா ஒவ்வொரு இலைக்கும் கன்னம் வைப்பாள். மாலையில் இறங்கி வரும்போது அவளுடைய வலது கன்னம் மட்டும் வெளுத்திருக்கும். "ஒரு பக்கத்துக்கு மட்டும் பவுடர் வாங்கிக் குடுத்தாரா வீட்டுக்காரர்?" என்று ஷாத்லி தினமும் கேட்பார். அவளும் தினமும் ஒரு பதில் வைத்திருப்பாள்.

பட்டைகளில் அவள் கன்னம் வைத்ததில்லை. படிப்பது அவள் வேலை இல்லை. விதியை அவள் மதித்தாள். ஆனாலும் நான் வெள்ளிக்கிழமைகளில்தான் மாற்றினேன். அதற்கப்புறம் வார விடுமுறை, அவள் ஞாயிறுவரை அந்தப் பக்கம் வரமாட்டாள். அதற்குள் ஓரளவு உலர்ந்துவிடும்.

இடைவெளி குறைந்துகொண்டே வந்தது. முதலில் மாதத்துக்கு ஒருமுறை உடைந்தது. பிறகு அடிக்கடி, மேலே இருந்த பட்டைகளும் சேர்ந்து. விரிசலுக்குள் இலையுதிர் காலத்தில் ஒரு நாணயத்தின் விளிம்பு போகாது. வசந்தத்தில் என் சுண்டுவிரல் போயிற்று. பட்டையின் அடியில் விரிசலைத் துணியால் அடைத்து மேலே பூசிவிட்டேன். அந்தச் சமயத்தில் ஹம்மாதி ஒருமுறை வந்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பட்டையையும் தேதியையும் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"அக்டோபரா? ஒரு கீறல் இல்ல. நான்தான் அவசரப்பட்டுட்டேன் போல. சுவர் உன் பேச்சக் கேக்குதுப்பா."

அவருக்குக் காப்பி போட்டுக் கொடுத்தேன். சுவர் நிலையாக இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

பரிசுக் குழுவினர் வருவதாக இருந்த நாளில், அவர்கள் வருவதற்கு முன்பே வடக்குச் சுவர் முற்றத்துக்குள் விழுந்தது. அறையும் கவிமாடமும் அதோடு வந்தன. ஜலீலா மேலே இருந்தாள். வேறு யாருக்கும் காயம் இல்லை. சத்தம் நினைத்த அளவு பெரிதாக இல்லை. தூசிதான் அதிகம். அடங்க வெகுநேரம் ஆயிற்று. தெருக்காரர்கள் ஓடிவந்து கையாலேயே கல்லைப் புரட்டினார்கள். நானும் புரட்டினேன்.

உங்கள் விசாரணையின் முடிவில் இரண்டு விஷயங்கள் எழுதப்பட்டன. ஒன்று, பட்டைகள் உடையாமலே சுவர் விழுந்தது என்றால் அவை கல்லைப் பிடிக்கவில்லை என்று அர்த்தம். பட்டைகளை வைத்த ஜலீலா பூச்சைச் சரியாகச் சுரண்டாமல் வைத்திருக்கிறார். இரண்டு, அன்று காலை அவர் வேலையிட ஒழுங்கை மீறி அனுமதி கேட்காமல் மாடி ஏறினார்.

முதல் விஷயத்தைப் பற்றி நீங்கள் என்னைக் கேட்டபோது, அந்த நாட்களில் அவள் கொஞ்சம் அவசரத்தில் இருந்தாள் என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். மற்றதை ஹம்மாதியே யோசித்துக் கண்டுபிடித்தார். இரண்டாவது விஷயத்தை நான் சொன்னேன். அதற்குச் சாட்சி தேட வேண்டியிருக்கவில்லை. அவள் கேட்காமல் ஏறுகிறவள் என்பது எல்லாருக்கும் தெரியும்.

என் மாமியார் லல்லா மஹ்பூபா வெள்ளிக்கிழமைகளில் இப்போதும் எனக்கு கூஸ்கூஸ் வைக்கிறார். கறித்துண்டை என் பக்கம் நகர்த்துவார். ஒருநாள் தட்டைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"சின்னதுலேர்ந்தே அப்படித்தான் மருமகனே. மொட்டமாடி சுவத்துல ஏறுவா, கேக்கமாட்டா. கடல்ல இறங்குவா, கேக்கமாட்டா. அடிச்சும் பாத்தேன். ஒரு வார்த்த உன்ன கேட்டிருந்தா நீ விட்டிருப்பியா?"

நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

"மாட்ட. எனக்குத் தெரியும். நீ உன்ன வருத்திக்காத. சாப்பிடு."

சாப்பிட்டேன். நன்றாக இருந்தது.

கோடையில் கல்லூரியில் பேசக் கூப்பிட்டார்கள். விபத்திலிருந்து என்ன கற்கலாம் என்பது தலைப்பு. பட்டையை எப்படி வைக்கவேண்டும், எப்படி வைத்தால் அது பொய்யாக முழுசாக நிற்கும் என்று திரையில் படம் போட்டு விளக்கினேன். ஜலீலா என்ன தவறு செய்திருப்பாள் என்பதைப் படிப்படியாக வரைந்து காட்டினேன். மனைவியின் தவறை இவ்வளவு நேர்மையாகப் பேசுகிறாரே என்று ஒரு பேராசிரியர் கண் கலங்கினார். மாணவர்கள் கைதட்டலாமா கூடாதா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

ஷாத்லி கடைசி வரிசையில் இருந்தார். சட்டையின் மேல்பொத்தான்வரை போட்டுக்கொண்டு வந்திருந்தார். முடிந்ததும் என்னிடம் வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"சுரண்டுற உளி அன்னிக்கு என்கிட்டதான் இருந்துச்சோ என்னவோ தம்பி. அவ கேட்டிருப்பா. நான் அப்புறம் தரேன் போன்னு சொல்லியிருப்பேன். என் வாய் அப்படி. நெனச்சு நெனச்சுப் பாக்கிறேன், ஞாபகமே வரல."

"உங்க மேல தப்பில்ல சாச்சா," என்றேன்.

அது உண்மைதான். பட்டை வைத்த அன்று அவள் அந்த உளியால்தான் சுரண்டினாள். கல் தெரியும்வரை. நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். சுரண்டிய தூசி அவள் புருவத்தில் இருந்தது.

இத்தனைக்குப் பிறகும் நான் இங்கே வந்திருக்கமாட்டேன். சென்ற வாரம் ஹம்மாதி ஒரு உத்தரவு போட்டிருக்கிறார். மதீனாவில் இனி எந்த வீட்டிலும் ஜிப்சம் பட்டை வைக்கக்கூடாது, கைவேலையை நம்ப முடியாது என்று. அதற்குப் பதில் உலோக அளவி. விரிசலின் இரண்டு பக்கமும் துளைபோட்டுத் திருகாணியால் முடுக்குவது. செதுக்கிய சுவராக இருந்தாலும், ஓடு பதித்த சுவராக இருந்தாலும் துளைபோடலாம் என்று எழுதியிருக்கிறார். நேற்று ஒரு வீட்டில் அப்படித் துளைத்ததைப் பார்த்தேன். செதுக்கிய பூஜாடியின் கழுத்தில் துளை. அதற்குமேல் பேசாமல் இருப்பது சரியில்லை என்று பட்டது.

பட்டைகள் மேல் தவறில்லை. அவை ஒவ்வொரு முறையும் உடையவேண்டிய நேரத்தில் உடைந்தன. அவளுடையவை, அதன்பிறகு நான் வைத்தவை எல்லாம். ஒன்றுகூடத் தவறவில்லை. அதைச் சொல்ல என்னைத் தவிர ஆள் கிடையாது. இது முதல் பிழைக்கான திருத்தம்.

இரண்டாவதற்கு அந்தக் காலையை மறுபடி சொல்லவேண்டும்.

முந்தைய நாள் மாலை படி வாயிலில் இருந்த பட்டை உடைந்திருந்தது. வைத்த வாரமே உடைந்தது. அதனால் வெள்ளிக்கிழமைக்குக் காத்திருக்க முடியவில்லை. விடிந்ததும் காப்பி போட்டேன். ஜலீலா தூங்கிக்கொண்டிருந்தாள், அவளுக்கும் ஊற்றி மூடி வைத்தேன். ஃபத்தாஷ் வீட்டுக்குப் போய்ப் புதுப்பட்டை வைத்தேன். தேநீர், தேதி, ஏழு, குறுக்குக்கோடு, தூசி. பார்வைக்கு எல்லாம் சரியாக இருந்தது.

ஆட்கள் வந்தார்கள். அவர்கள் கேட்பதற்கு முன்பே, எல்லாரும் ஊருக்கு வெளியே சூளைக்குப் போய்ச் சுண்ணாம்பு ஏற்றி வாருங்கள் என்றேன். அன்று சுண்ணாம்பு தேவைப்படவில்லை. ஷாத்லி தலையைச் சொறிந்தார், பிறகு போனார். போவதற்கு முன் நாற்காலிகளைப் பார்த்தார். குழுவினருக்கான நாற்காலிகளை முதல் நாள் அவர்தான் வடக்குச் சுவரோரம் போட்டிருந்தார். நான் அவற்றைத் தெற்குத் தாழ்வாரத்துக்கு மாற்றியிருந்தேன்.

"வடக்கு ஓரம் வெயில் இதமா இருக்குமே தம்பி. பெரிய மனுஷங்கள நிழல்ல விறைக்க உக்கார வைக்கிறீங்க. பரிசு குடுக்கிற கை நடுங்கிடப்போகுது."

இங்கிருந்து பார்த்தால்தான் முகப்பு முழுசாகத் தெரியும் என்றேன். வடக்குச் சுவரின் உயரத்தை முற்றத் தரையில் காலடியால் அளந்து, அதற்கு அப்பால் நாற்காலிகளை வைத்திருந்தேன். பிறகு சுவர் விழுந்தபோது ஒரு கல்கூட அவற்றைத் தொடவில்லை. கணக்கு சரியாக இருந்தது. நானும் அங்கேதான் நின்றேன்.

சுவர் நிற்கும் என்று நம்பினேன். இதை நீங்கள் நம்பவேண்டும். எத்தனை தலைமுறை நின்ற சுவர், ஒரு காலைக்கு நிற்காதா. குழுவினர் பார்த்துவிட்டுப் போனதும் ஹம்மாதியிடம் நானே சொல்லிக் கம்பி போடுவதாக இருந்தேன். அப்படி நம்பிக்கொண்டுதான் நாற்காலிகளை நகர்த்தினேன். நம்பிக்கொண்டுதான் ஆட்களை அனுப்பினேன்.

ஜலீலா பிறகு வந்தாள். கவிமாடத்தில் கடைசியாக ஒரு இலை பாக்கி இருந்தது. குழுவினர் வருமுன் வெட்டிவிடலாம் என்று வாளியோடு வந்தாள். அவளையும் எங்காவது அனுப்பியிருக்கலாம். அதை யோசித்தேன். ஷாத்லியிடம் சுண்ணாம்பு வேண்டும் என்றால் தலையைச் சொறிந்துவிட்டுப் போவார். குழுவினரை எங்கே உட்காரச் சொன்னாலும் உட்காருவார்கள். ஜலீலாவிடம் மட்டும் காரணம் சொல்லவேண்டும். அவள் ஏன் என்று கேட்பாள். சொன்ன காரணம் சரியில்லை என்றால் கண்டுபிடித்துவிடுவாள். அதனால் எதுவும் சொல்லவில்லை. அது அவளுடைய கவிமாடம், அவளுடைய கடைசி இலை, அதைத் தடுக்க எனக்கு உரிமை இல்லை என்று அப்போது தோன்றியது. இப்போதும் அப்படித்தான் தோன்றுகிறது.

கேட்காமல் ஏறினாள் என்று உங்களிடம் சொன்னேன். அவள் அம்மாவிடமும் அதையே சொன்னேன். அது பிழை.

முற்றத்தில் அப்போது வேறு யாரும் இல்லை. எல்லாருக்குமாகக் கேட்க ஷாத்லி இல்லை. இருந்தும் அன்று ஒரு கேள்விக்குப் பதிலாக நான் "ஏறு" என்று ஒருமுறை சொன்னேன்.

அவள் படியின் வாயிலில் நின்றாள். வாளியைக் கீழே வைத்தாள். பட்டையைப் பார்த்தாள். பிறகு, அவள் வேலை இல்லை என்றாலும், அதில் கன்னத்தை வைத்தாள். கொஞ்ச நேரம் கன்னத்தை எடுக்கவில்லை. கன்னம் சுவரில் இருந்தபடியே என் பக்கம் பார்த்தாள். நான் தெற்குத் தாழ்வாரத்தில் ஒரு நாற்காலியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். என் முகத்தை நன்றாகப் பார்த்தாள். அதில் ஒன்றும் இருந்திருக்காது.

"ஜில்லுன்னு இருக்கு ஸுஹைர்," என்றாள். நான் அடுத்த நாற்காலியைத் துடைத்தேன். அவள் வாளியை எடுத்துக்கொண்டாள். பிறகு, நாங்கள் சேர்ந்து வேலை செய்த அத்தனை வருடங்களில் முதல் தடவையாக, கேட்டாள்.

"நான் மேலே போகலாமா?"